முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு ஐப்பசியில் போங்கள்: காரைக்குடி பழம்பொருள் கடைகள் பற்றி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு என்றால் பழம்பொருள் பிரியர்களுக்கு வேறு விளக்கம் வேண்டாம். பாகப்பிரிவினையிலும் வீடு இடிப்பிலும் செட்டிநாட்டு வீடுகளை விட்டு வெளியேறிய சாமான்கள் இந்தத் தெருக் கடைகளில்தான் வந்து குவிகின்றன. தூண், நிலை, கதவு என்று லாரி கணக்கில் வாங்க ஓட்டல்காரர்களும் பங்களா கட்டுகிறவர்களும் வருவார்கள். இந்த மதிப்புரை அவர்களுக்கு அல்ல. ஒரு குத்துவிளக்கு, ஓர் ஊறுகாய் ஜாடி, ஒரு தூக்கு, ஓர் அஞ்சறைப் பெட்டி என்று வீட்டில் தினமும் புழங்குவதற்குச் சின்னச் சாமான் தேடுகிறவர்களுக்கு. பெரும்பாலானவர்கள் டிசம்பர், ஜனவரி விடுமுறையில் இங்கே போகிறார்கள். எங்களைக் கேட்டால் ஐப்பசி மழைதான் சரியான காலம். கடைக்காரருக்கு உட்கார்ந்து பேச நேரம் இருக்கும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், வெயிலில் நல்ல பிள்ளையாக நிற்கும் சாமான் ஈரக்காற்றில் தன் குறையைத் தானே காட்டிக்கொடுத்துவிடும் என்பது.

போக்குவரத்துச் சிரமம் இல்லை. சென்னை எழும்பூரிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸ் காரைக்குடியிலேயே கொண்டுவந்து விடும். மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். கையில் ஒரு சின்ன காந்தம், டார்ச், 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், வெள்ளைப் பருத்தித் துணி, அளவு டேப் இருக்கட்டும். கடை முகப்பில் இருப்பது கண்ணைக் கவர வைத்தது. சரக்கு பின்கட்டில் இருக்கிறது, அங்கே வெளிச்சம் குறைவு. டார்ச் இல்லாமல் போனால் பாதிக் கடையைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள்.

ஜாடியிலிருந்து தொடங்கலாம், மழையின் பலன் அதில்தான் உடனே தெரியும். மேலே பழுப்பும் கீழே வெள்ளையுமான பழைய பீங்கான் ஜாடிகள் எல்லா அளவிலும் கிடைக்கின்றன. கோடையில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடிக்க விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பதுதான் வழி. நல்ல ஜாடி 'ணங்' என்று நீண்டு ஒலிக்கும், விரிசல் விட்டது 'டொக்' என்று நின்றுவிடும். ஆனால் கடைக்காரர் ஜாடிக்குள் துணியோ பேப்பரோ திணித்து வைத்திருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றிவிடும். ஐப்பசியில் அந்தக் கவலை இல்லை. பல வருஷம் மாங்காய் ஊறிய ஜாடியில் விரிசல் வழியே உப்பு சுவருக்குள் இறங்கியிருக்கும். காற்றில் ஈரம் ஏறியதும் உப்பு அதை இழுத்துக்கொள்ளும். விரிசல் ஓடும் தடம் அப்படியே ஈரக்கோடாக வெளியே கசியும். நாலு நாள் வெயில் அடித்தால் அதே கோட்டில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். இந்தக் கோடு இருக்கிற ஜாடி ஊறுகாய்க்கு ஆகாது. உப்பு ஒவ்வொரு முறை உறையும்போதும் மேல் பளபளப்பைச் செதில் செதிலாகத் தள்ளிவிடும். அடுத்து மூடி. ஜாடி வாயில் மூடி உட்காரும் வளையம் பளபளப்பு இல்லாமல் கரடாக இருக்கும். மூடியைச் சுழற்றிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அது வேறு ஜாடியின் மூடி. அதற்கேற்ப விலை குறைய வேண்டும்.

இனி பித்தளை. இந்தத் தெருவில் அதிகம் விற்பதும் இதுதான், அதிகம் ஏமாறுவதும் இதில்தான். குத்துவிளக்கை எடுத்துக்கொள்வோம். பாதம், தண்டு, எண்ணெய் ஊற்றும் தகழி, உச்சியில் அன்னம் அல்லது சிகரம் என்று தனித்தனியாக வார்த்து மரை போட்டுக் கோத்தது. நாலாகப் பிரிவதால், உடைந்த இரண்டு விளக்குகளிலிருந்து ஒரு முழு விளக்கைத் தேற்றிவிட முடியும். ஆகவே வாங்குமுன் முழுவதும் கழற்றச் சொல்லுங்கள். மறுத்தால் அங்கேயே விட்டுவிடலாம். மரை கடைசி வரை இறங்கி விளிம்போடு விளிம்பு ஒட்ட வேண்டும். நூல் சுற்றி இறுக்கியிருந்தால், நடுவில் வளையம் செருகியிருந்தால், பாகங்கள் வெவ்வேறு விளக்குகளுடையவை. நான்கு துண்டுகளையும் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிறம் பாருங்கள். ஒரே உலையில் வார்த்தது ஒரே மஞ்சளாக இருக்கும்; ஒன்று செம்மஞ்சளும் இன்னொன்று வெளிர் மஞ்சளுமாக நின்றால் செம்பும் துத்தநாகமும் சேர்ந்த விகிதம் வேறு என்று அர்த்தம்.

வயது பார்ப்பதற்கு ஐந்து முகங்களையும் விரலால் தடவிப் பாருங்கள். தினமும் ஐந்து திரி போடுகிற வீடு குறைவு. ஒன்றோ இரண்டோ முகத்தில்தான் சுடர் எரிந்திருக்கும். அந்த முகங்களில் கரி ஆழமாக ஏறி, தேய்த்துத் தேய்த்து விளிம்பு மழுங்கியிருக்கும். ஐந்து முகமும் ஒரே மாதிரி கறுத்து, ஒரே மாதிரி கூராக இருக்கிற விளக்கு, அமிலம் பூசிப் பழசாக்கப்பட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம். உண்மையான பழமையில் மேடு வழவழவென்று தேய்ந்திருக்கும், பள்ளம் கறுத்திருக்கும். பூசின பழமையில் மேடு பள்ளம் இரண்டும் ஒரே நிறம். இங்கேயும் மழை கைகொடுக்கிறது. அமிலத்தின் மிச்சம் ஈரத்தை இழுத்து வெளிர்பச்சைப் பொடியாகப் பூக்கும். வெள்ளைத் துணியால் ஒரு பள்ளத்தைத் துடையுங்கள். துணியில் பச்சை தூளாக வந்தால் அது நேற்றைய வேலை. பழைய கறுப்பு அவ்வளவு சுலபமாகக் கையோடு வராது.

பிறகு ஒழுகல். தகழியில் தண்ணீர் விட்டு, காகிதத்தின் மேல் வைத்துவிட்டு, அரை மணி நேரம் அடுத்த கடையைப் பார்த்துவிட்டு வாருங்கள். வார்ப்பில் ஊசித்துளை இருந்தால் காகிதம் சொல்லிவிடும். சாம்பல் நிறத்தில் ஈயப் பற்று வைத்த இடம் அடிப்பக்கத்தில் இருந்தால் பரவாயில்லை. முகத்தின் ஓரத்தில் இருந்தால் வேண்டாம், சுடர்ச் சூட்டில் நாளடைவில் விட்டுவிடும். காந்தத்தையும் ஒரு தரம் ஒட்டிப் பாருங்கள். பித்தளையில் ஒட்டாது, ஒட்டினால் உள்ளே இரும்பு. பழசாகத்தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவர்கள் கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோயிலுக்கே போகலாம். அங்கே வார்க்கும் குத்துவிளக்குக்குப் புவிசார் குறியீடு உண்டு. நல்ல புதிய விளக்கு, பொய்யான பழைய விளக்கைவிட எப்போதும் மேல்.

வீட்டுக்கு வந்ததும் பளபளவென்று தேய்த்துவிட எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். புளியும் உப்பும் போதும். ஆனால் ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஊறவைக்காதீர்கள். நாலைந்து தண்ணீரில் அலசி, மரையின் உள்பக்கம் வரை உலரத் துடைக்க வேண்டும். புளிப்பும் உப்பும் பள்ளத்தில் தங்கினால் கார்த்திகைக்குள் பச்சை பிடித்துவிடும். அமிலம் கலந்த கடைத் திரவங்கள் பக்கம் போகவே வேண்டாம். அவை பித்தளையின் மேல்தோலில் இருக்கும் துத்தநாகத்தைக் கரைத்துவிடும். மஞ்சள் போய் இளஞ்சிவப்புத் திட்டு விழும். அந்தத் திட்டை எந்தப் பொடியும் திருப்பித் தராது.

செட்டிநாட்டுப் பாத்திரங்களில் நாங்கள் மிகவும் ரசிப்பது வெட்டின பேர். மகளுக்குச் சீராக வரிசை வரிசையாகக் கொடுத்த பாத்திரங்களில் குடும்பத்தைக் குறிக்கும் விலாச எழுத்தும் பேரும் புள்ளி புள்ளியாக வெட்டியிருப்பார்கள். எழுத்தைக் கவனித்துப் படியுங்கள். ணை, லை, னை ஆகியவை முன்னால் துதிக்கை வளைந்த பழைய வடிவத்தில் இருக்கின்றனவா, றா, னா ஆகியவை காலில்லாமல் சுழித்து இருக்கின்றனவா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது 1978-இல். பழைய வடிவம் இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்திய வெட்டு. லென்ஸில் பார்த்தால் பழைய புள்ளிகளின் உதடு மழுங்கி, குழி கறுத்திருக்கும். புதிதாக வெட்டியதில் புள்ளியைச் சுற்றிப் பிசிறு நிற்கும், விரலில் நெருடும். பேர் இருப்பதால் விலையைக் குறைக்கச் சொல்கிறவர்கள் உண்டு. எங்கள் கணக்கில் பேர் இருப்பதுதான் உசத்தி. ஒரு சம்படம் எந்த ஆச்சியின் கல்யாணத்துக்கு வந்தது என்று அதன் உடம்பிலேயே எழுதியிருக்கிறதே.

சமைக்கிற பித்தளைப் பாத்திரமானால் உள்ளே வெள்ளீயம் பூசிய பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும். புளிக்குழம்போ ரசமோ வைக்க அது கட்டாயம். பூச்சு தேய்ந்த இடத்தில் மஞ்சள் எட்டிப் பார்க்கும்போதே மறுபடி பூசிவிட வேண்டும். பூசின பாத்திரத்தை வெறுமனே சூடாக்கக் கூடாது. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். பழைய ஈயச்சொம்பு விஷயத்தில் எங்கள் ஆலோசனை கண்டிப்பானது: அலமாரியில் வையுங்கள், ரசம் வைக்காதீர்கள். வெள்ளீயத்தில் நச்சான காரீயம் கலந்திருக்கிறதா என்று கடையில் நின்றபடி உறுதியாகச் சொல்ல வழியில்லை. வெள்ளைக் காகிதத்தில் அழுத்தித் தேய்த்து, பென்சில் கோடு மாதிரி சாம்பல் தடம் விழுந்தால் காரீயம் இருக்கிறது என்று சந்தேகப்படலாம். விழாவிட்டால் இல்லை என்று நம்பிவிட முடியாது.

எனாமல் சாமான் இந்தத் தெருவின் தனி அழகு. வெளிநாட்டு வியாபாரத்தில் இருந்த குடும்பங்கள் கப்பலில் தருவித்த தட்டு, தூக்கு, அடுக்கு, மூடியுள்ள டப்பா எல்லாம் இன்னும் புழக்கத்துக்குக் கிடைக்கின்றன. கவிழ்த்து அடியைப் பாருங்கள்: சுவீடனின் காக்கும்ஸ் முத்திரை, செக்கோஸ்லோவாக்கியா, ஆஸ்திரியா, ஜப்பான் என்று இருக்கும். செக்கோஸ்லோவாக்கியா என்ற நாடு 1918-இல் உருவானது. அந்தப் பேர் உள்ள தட்டை அதற்கு முந்தியது என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். எனாமல் என்பது இரும்பின் மேல் உருக்கி ஒட்டிய கண்ணாடி. தட்டினால் சில்லுப் போகும், சில்லுப் போன இடத்தில் துரு ஏறும். விளிம்பில் கறுப்புப் புள்ளியாக நின்றுபோன துரு ஆபத்தில்லை. செங்காவி நிறத்தில் ஈரமாக, நகம் பட்டால் செதில் விடுகிற துரு பரவிக்கொண்டிருக்கிறது. இதுவும் மழைக்காலத்தில்தான் பளிச்சென்று தெரியும். சில்லுப் போன இடத்தைப் பெயின்ட் அடித்து மறைப்பதும் உண்டு. நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைத் துணியில் தொட்டு ஓரத்தில் தடவினால் பெயின்ட் துணியோடு வரும், எனாமல் வராது. கடைக்காரரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சிவப்பு, ஆரஞ்சு, அழுத்தமான மஞ்சள் நிறப் பழைய எனாமலில் காட்மியமும் காரீயமும் இருக்கக்கூடும். உள்பக்கம் அந்த நிறம் உள்ள பாத்திரத்தில் தயிர், ஊறுகாய், எலுமிச்சை வேண்டாம். உள்ளே வெள்ளையாக, சில்லுப் போகாமல் இருப்பதில் முறுக்கும் சீடையும் தாராளமாகப் போட்டு வைக்கலாம்.

மரச் சாமானுக்கு வருவோம். அஞ்சறைப் பெட்டியின் மூடி நகரவில்லை, மேசை இழுப்பறை திறக்கவில்லை என்று ஐப்பசியில் ஒதுக்கிவிடாதீர்கள். மரம் ஈரத்தில் குறுக்குவாட்டில் உப்பும், நீளவாட்டில் அவ்வளவாக மாறாது. இறுக்கமாக இருக்கிறதே என்று இப்போதே இழைத்துவிட்டால் பங்குனியில் ஆட்டம் கொடுக்கும். ஓடும் விளிம்பில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டு, தை வரை பொறுத்திருங்கள். மாறாக, இந்த ஈரத்திலும் லொடலொடவென்று ஆடுகிற இழுப்பறை வெயில் காலத்தில் கழன்றே விழும். பூச்சித் துளையைப் பார்த்ததும் பயப்படவும் வேண்டாம். துளையின் உள்ளே கறுத்துப்போயிருந்தால் பூச்சி எப்போதோ போய்விட்டது. உள்ளே வெளுப்பாக, தட்டினால் மாவு கொட்டினால், இன்னும் தின்றுகொண்டிருக்கிறது. தேக்கின் நடுவில் இருக்கும் வைரப் பகுதியைப் பூச்சி தொடாது. வெளுத்த ஓரப் பகுதியைத்தான் தின்னும். ஆகவே துளைகள் எல்லாம் ஒரே ஓரத்தில் இருந்தால் மீதிப் பலகை பெரும்பாலும் நல்லபடியாக இருக்கும். பர்மா தேக்கு என்று எல்லாவற்றையும் சொல்வார்கள். இழுப்பறையின் அடியையும் முதுகுப் பலகையையும் பாருங்கள், அங்கே பிளைவுட்டும் நட்சத்திரத் தலைத் திருகாணியும் இருந்தால் பேச்சு முடிந்தது. மோந்தும் பாருங்கள். வார்னிஷ் வாடை தூக்கலாக இருந்தால் அண்மையில் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். பெருங்காயமும் சீரகமும் மணக்கிற அஞ்சறைப் பெட்டி கிடைத்தால் அந்த வாசனையைக் கழுவிப் போக்கிவிடாதீர்கள். உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும்.

பர்மா அரக்குப் பெட்டிகள் இந்தக் குளிர்ந்த ஈரத்தில் சௌக்கியமாக இருப்பவை. மூங்கில் பிளாச்சில் பின்னி, மரத்திலிருந்து வடித்த பாலை மேலுக்கு மேல் பூசி, சிவப்பும் கறுப்புமாக மெருகேற்றியவை. இவற்றுக்கு எதிரி வெயிலும் ஏசி அறையும். காய்ந்தால் பூச்சு வெடித்து உரியும். மெல்ல அமுக்கினால் மூங்கில் கொஞ்சம் வளைந்து கொடுக்க வேண்டும். கட்டை மாதிரி இறுகி நின்றால் பிளாஸ்டிக்காகவோ மரத்தூள் பலகையாகவோ இருக்கலாம்.

படங்கள் மட்டும் ஐப்பசியில் வாங்க வேண்டாதவை. பார்த்து வைத்துக்கொள்ளலாம். ரவிவர்மா அச்சகம் பம்பாயில் 1894-இல் தொடங்கியது. அதன் பழைய அச்சுகள் கல்லில் நிறம் நிறமாகப் பதித்தவை. லென்ஸில் பார்த்தால் ஒழுங்கில்லாத மணல் போன்ற புள்ளிகள் தெரியும். இப்போதைய மறுஅச்சில் புள்ளிகள் கட்டம் பிடித்து, பூப்போல வட்டமாக அடுக்கியிருக்கும். அடியில் அச்சகத்தின் பேர் இருக்கிறதா என்று பார்ப்பதைவிட இந்தப் புள்ளிச் சோதனை நம்பகமானது, ஏனென்றால் மறுஅச்சில் பேரும் சேர்ந்தே வந்துவிடும். மழையில் காகிதம் ஈரம் குடித்துக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அப்போது சட்டத்தைப் பிரித்தால் நிறம் கண்ணாடியோடு போய்விடும். முன்பணம் கொடுத்து வைத்து மாசியில் எடுத்துக்கொள்வது உத்தமம். எடுக்கும்போது முதுகுப் பலகையைக் கழற்றி, பழுப்புப் புள்ளியும் பூச்சி அரிப்பும் எவ்வளவு என்று பாருங்கள். பெல்ஜியம் கண்ணாடிக்கும் இதே புத்திமதிதான். ஓரத்தில் பின்பக்க ரசப் பூச்சு கறுத்திருந்தால் அப்படியே மாட்டலாம், திரும்ப ரசம் பூசினால் பழமை போய்விடும்.

குறைந்த செலவில் அதிகச் சந்தோஷம் தருவது அளவைகள். படி, உரி, உழக்கு, ஆழாக்கு நான்கும் ஒரு குடும்பமா என்று பார்க்க அரிசி போதும். 2 ஆழாக்கு 1 உழக்கு, 2 உழக்கு 1 உரி, 2 உரி 1 படி. ஆழாக்கால் எட்டு முறை தலை தட்டிப் போட்டால் படி சரியாக நிறைய வேண்டும். வழிந்தாலோ குறைந்தாலோ அவை வெவ்வேறு ஊர்ப் படிகள். ஊருக்கு ஊர் அளவு மாறிய காலத்தவை. இந்தியாவில் மெட்ரிக் முறைக்கான சட்டம் 1956-இல் வந்தது என்பதால், அதிகாரியின் முத்திரை வரிசையாகக் குத்திய பழைய இரும்புப் படிகளுக்கு வயது பார்ப்பது ஓரளவு சுலபம். முத்திரைகளைத் தேய்த்து அழித்துவிடாமல் வாங்குங்கள்.

இனி, தெருவைப் பற்றிய எங்கள் குறைகள். விலைச்சீட்டு ஒட்டும் வழக்கம் குறைவு. எதைக் கேட்டாலும் "நூறு வருஷத்துச் சாமான்ணே" என்ற பதில் சுலபமாக வந்துவிடுகிறது. ரசீது கேட்டால்தான் தருகிறவர்கள் இருக்கிறார்கள். திருப்பி எடுத்துக்கொள்ளும் பேச்சுக்கே இடமில்லை என்று வைத்துக்கொண்டுதான் வாங்க வேண்டும். சாதாரணப் பித்தளையை எடைக்கு விற்கச் சொல்லுங்கள். அன்றைய பழைய பித்தளை விலையை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போனால், வேலைப்பாட்டுக்கு எவ்வளவு கூடக் கேட்கிறார் என்று புரிந்துவிடும். ஒரு சாமானுக்கு மல்லுக்கட்டுவதைவிட நாலைந்தை ஒன்றாக ஒதுக்கி வைத்து மொத்தமாகக் கேட்டால் விலை இறங்கும். குறையைச் சுட்டிக்காட்டும்போது குரலை உயர்த்தாமல், "அண்ணே, இந்த மரை இதுக்கு உள்ளதில்லையே" என்று காட்டினால் பெரும்பாலும் அவரே சிரித்துக்கொண்டு உள்ளே போய் நல்லதை எடுத்து வருவார். சரக்கு தெரிந்தவர்களுக்குக் காட்டும் சரக்கு வேறு. இந்தத் தெருவை நாங்கள் திரும்பத் திரும்பப் பரிந்துரைப்பதற்கு அதுதான் காரணம்.

கைவைக்கக் கூடாதவையும் உண்டு. தந்தச் சாமான் எதுவும் வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதன் வியாபாரமே குற்றம். கோயில் சிலை, கல் சிற்பம் போன்றவற்றைப் பதிவுச் சான்று இல்லாமல் தொடாதீர்கள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி சிற்பம், ஓவியம், நாணயம் போன்றவை 100 ஆண்டு கடந்திருந்தாலும், மதிப்புள்ள ஓலைச்சுவடி, கையெழுத்துப் பிரதிகள் 75 ஆண்டு கடந்திருந்தாலும் தொல்பொருள்; தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு எடுத்துப்போக முடியாது. சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ எடுத்துப்போக நினைக்கிறவர்கள், பழசாகத் தோன்றும் சாமானுக்கு அது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையின் சான்று வாங்கிக்கொண்டால் விமான நிலையத்தில் தகராறு இருக்காது.

பொதி கட்டும்போது கொஞ்சம் பக்கத்திலேயே நில்லுங்கள். விளக்கைக் கழற்றி ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாகத் துணியில் சுற்றச் சொல்லுங்கள். கோத்தபடியே அனுப்பினால் தண்டின் மரைதான் முதலில் நெளியும். எனாமல் தட்டுகளுக்கு நடுவே தடித்த அட்டை, ஜாடிக்குள் வைக்கோல் அல்லது கசக்கின காகிதம். மரச் சாமானை நேராக பிளாஸ்டிக்கில் சுற்றவிடாதீர்கள். உள்ளே அடைபட்ட ஈரம் இரண்டே நாளில் பூஞ்சணம் பிடிக்க வைக்கும். முதலில் பருத்தித் துணி அல்லது சாக்கு, அதன்மேல் மழைக்கு மட்டும் பிளாஸ்டிக், அடிப்பக்கம் திறந்தபடி. வீட்டில் இறக்கியதும் அன்றே பிரித்துவிட்டு, மின்விசிறிக்கும் வெயிலுக்கும் எட்டாத காற்றோட்டமான மூலையில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இரண்டு வாரம் விட்டுவையுங்கள். எண்ணெய் தடவுவதும் மெழுகு போடுவதும் அதற்குப் பிறகுதான்.